பாட்டில் அரசாங்கத்துக்கு, பெஞ்சு காண்டிராக்டருக்கு! சென்னையில் நாலு காசுக்கு ஒரு நல்ல பார் உண்டா?

(நமது நிருபர்)

சாயந்திரம் ஆறு மணி. ஆபீஸ் விட்டாச்சு. கடையில் மாற்று ஆள் வந்தாச்சு. பையில் 200 ரூபாய் இருக்கிறது. அரை மணி நேரம் ஒரு பெஞ்சில் உட்கார வேண்டும். ஒரு கட்டிங், ஒரு தட்டு சுண்டல், பக்கத்தில் இருப்பவரோடு நாலு வார்த்தை. பிறகு மின்சார ரெயிலையோ பஸ்சையோ பிடித்து வீடு போய்ச் சேர வேண்டும்.

இதற்குச் சென்னை மாநகரத்தில் ஒழுங்கான இடம் உண்டா?

உண்டு. ஆனால் தேட வேண்டும். ஏன் தேட வேண்டியிருக்கிறது, எப்படித் தேடுவது என்று பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குடிக்காதவர்கள் புத்திசாலிகள். அவர்கள் பர்சும் பத்திரம், ஈரலும் பத்திரம். அவர்கள் அப்படியே இருக்கட்டும். ஆனால் குடிப்பவர்களும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். 2024-25-ல் மட்டும் மது விற்பனை மூலம் தமிழக அரசுக்குக் கிடைத்த வருமானம் 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். இதில் பெரும் பகுதி லோடுமேன், கொத்தனார், ஆட்டோ டிரைவர், குமாஸ்தா கொடுத்த பணம். அவ்வளவு கொடுத்தவனுக்கு உட்கார ஒரு சுத்தமான பெஞ்சு, ஒரு டம்ளர் நல்ல தண்ணீர், ஒரு கக்கூஸ் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு சுவர், இரண்டு கல்லா

டாஸ்மாக் கடைக்குப் போகிறவர்களில் பலருக்கே தெரியாத விஷயம் இது. கடை வேறு, பார் வேறு.

கம்பி போட்ட ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து பாட்டில் கொடுப்பவர் டாஸ்மாக் ஊழியர். பக்கத்தில் ஷீட் போட்ட கொட்டகையில் மேஜை நாற்காலி போட்டிருப்பவர் தனியார் காண்டிராக்டர். இவர் டெண்டர் எடுத்து, மாதா மாதம் அரசுக்குப் பணம் கட்டுகிறார். எதற்காக டெண்டர்? தின்பண்டம் விற்கவும், காலி பாட்டில் எடுத்துக்கொள்ளவும். அவ்வளவுதான்! மது விற்க அவருக்கு உரிமை கிடையாது.

ஆக, சரக்கு விற்கிறவர் உட்கார இடம் கொடுப்பதில்லை. இடம் கொடுக்கிறவர் சரக்கு விற்கக்கூடாது. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லா, அந்தப் பக்கம் ஒரு கல்லா. ஃபேன் சுற்றவில்லை என்றால் கடைக்காரர், "அது பார்க்காரர் சமாசாரம்" என்பார். பாட்டிலுக்கு விலை அதிகம் என்றால் பார்க்காரர், "அது கடை சமாசாரம்" என்பார். நடுவில் நிற்பவன் குடிக்க வந்தவன்.

வேறு மாநிலத்தில் ஒரு பார் முதலாளி பெக் விற்று லாபம் பார்க்கிறார். நம்ம ஊர் பார்க்காரருக்கு அந்த வழி அடைபட்டுப் போச்சு. கட்டின டெண்டர் பணத்தை எதில் எடுப்பார்? டம்ளரில், தண்ணீரில், ஊறுகாயில், ஆம்லெட்டில்! இதைப் புரிந்துகொண்டால் சென்னை பார்களின் சங்கதி பாதி புரிந்துவிடும்.

2003-ல் வந்த மாற்றம்

தமிழ்நாட்டில் மதுவின் வரலாறு கதவைத் திறந்து திறந்து மூடிய கதை. 1937-ல் ராஜாஜி ஆட்சியில் சேலத்தில் மதுவிலக்கு தொடங்கியது. 1948-க்குள் மாகாணம் முழுதும் வந்துவிட்டது. 1971-ல் கருணாநிதி ஆட்சியில் திறந்தார்கள். 1973, 1974-ல் சாராயக் கடையையும் கள்ளுக் கடையையும் மூடினார்கள். 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறப்பு. 1987-ல் கள்ளும் சாராயமும் மறுபடி அவுட்.

இதற்கு நடுவே 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. அப்போது அதன் வேலை மொத்த வியாபாரம் மட்டும். சில்லறைக் கடைகளைத் தனியார் ஏலம் எடுத்து நடத்தினார்கள். 2003-ல் ஜெயலலிதா ஆட்சியில் சட்டத்தைத் திருத்தி, நவம்பர் 29-ந் தேதி முதல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது.

கடையை எடுத்த அரசாங்கம் பாரை எடுக்கவில்லை. அதை டெண்டருக்கு விட்டது. அன்றைக்கு விழுந்த கோடு இது. 2022 பிப்ரவரியில் சென்னை ஐகோர்ட்டில் ஒரு நீதிபதி, டாஸ்மாக் கடைகளை ஒட்டிய பார்களை 6 மாதத்தில் மூடச் சொல்லித் தீர்ப்பே கொடுத்தார். பார் நடத்த 1937-ம் வருஷ மதுவிலக்குச் சட்டத்தில் இடமில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதற்குப் பிறகும் பார்கள் நடந்துகொண்டுதான் இருந்தன.

கட்டிங் என்பது ஏழையின் பெக்

அடுத்தது அளவு. டாஸ்மாக் கடை ஜன்னலில் பிராந்தி, விஸ்கி, ரம் கேட்டால் வழக்கமாகக் கிடைக்கிற சின்ன பாட்டில் குவார்ட்டர். அதாவது 180 மில்லி. பெரிய ஓட்டல் பாரில் 30 மில்லி, 60 மில்லி என்று அளந்து கொடுப்பார்கள். அந்தக் கணக்கில் ஒரு குவார்ட்டர் என்பது மூன்று பெரிய பெக்.

60 மில்லி போதும் என்கிற ஆளுக்கும் 180 மில்லி வாங்கினால்தான் உண்டு. வாங்கியதை மிச்சம் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போக எத்தனை பேருக்கு வீட்டில் அனுமதி? முழுசையும் அங்கேயே முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

இதற்கு சென்னைக்காரன் கண்ட வழிதான் கட்டிங். கடை வாசலில் நிற்பவர் இன்னொருவரைப் பார்த்து, "அண்ணே, கட்டிங்கா?" என்று கேட்பார். அவர் தலையாட்டினால் ஆளுக்குப் பாதிப் பணம், ஆளுக்கு 90 மில்லி. ஜாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, பேர்கூடக் கேட்பதில்லை. டம்ளரில் அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் குனிந்து பார்ப்பார்கள். அரசாங்கம் கொடுக்காத சின்ன அளவை ஜனங்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.

2023-ல் மதுவிலக்குத் துறை அமைச்சரே இதைக் கவனித்து, 90 மில்லி அளவில் காகிதப் பெட்டியில் விற்கலாமா என்று பேசினார். உடனே எதிர்ப்பு கிளம்பியது. பள்ளிக்கூடப் பையன்கள் கைக்குப் போய்விடும் என்று பயந்தார்கள். அந்தப் பயம் நியாயம்தான். பையில் போட்டுக்கொண்டு போகிற சின்னப் பெட்டி ஆபத்து. ஆனால் பாருக்குள் அளந்து ஊற்றிக் கொடுத்தால் பையில் போட முடியாதே! அதை யாரும் யோசிக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

2024 பிப்ரவரி 1-ந் தேதி சாதாரண ரக குவார்ட்டருக்கு 10 ரூபாய் ஏற்றினார்கள். 130 ரூபாய் சரக்கு 140 ஆச்சு. அதை வைத்தே ஒரு கணக்கு போடுவோம்.

பாட்டில் 140. "சில்லறை இல்லே" என்று மேலே ஒரு 10. பாரில் டம்ளரும் தண்ணீரும் சேர்த்து 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். சைடு டிஷ் 50. வாங்கி வந்து கொடுத்த பையனுக்கு 10. மொத்தம் 230 ரூபாய். இதில் சட்டப்படி நீங்கள் சரக்குக்குக் கொடுக்க வேண்டியது 140 மட்டும். மிச்சம் 90 ரூபாய் உட்கார்ந்ததற்கு வாடகை! அந்த வாடகைக்கு ஈரத்தரை, ஆடுகிற நாற்காலி, மூக்கைப் பொத்திக்கொண்டு போக வேண்டிய கக்கூஸ் என்றால் எப்படி?

பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. கண்ணாடி கிளாஸ் வைத்துக் கழுவிக் கொடுத்தால் சுத்தம். ஆனால் கழுவ ஆள் வேண்டும், தண்ணீர் வேண்டும். தூக்கிப் போடுகிற டம்ளர் என்றால் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு விற்பனை. எது நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2025 மார்ச்சில் அமலாக்கத் துறை டாஸ்மாக் தலைமை அலுவலகத்தில் சோதனை போட்டது. பாட்டிலுக்கு 10 ரூபாய் முதல் 30 ரூபாய் வரை கூடுதல் வசூல், பார் டெண்டரில் முறைகேடு என்றெல்லாம் சொன்னது. மாநில அரசு தரப்பு கோர்ட்டுக்குப் போயிற்று. மே 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அந்த விசாரணைக்குத் தடை போட்டது. வழக்கு வழக்காக இருக்கட்டும். ஜன்னலில் 10 ரூபாய் கூடக் கொடுத்தவனுக்கு யார் சாட்சி?

12 மணிக்கு முன், 10 மணிக்குப் பின்

2016 மே மாதம் கடை நேரத்தை மாற்றினார்கள். பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூட வேண்டும். ஆனால் பார் கொட்டகைக்குப் பூட்டு காண்டிராக்டர் கையில். முந்தின நாளே பாட்டில் வாங்கிப் பதுக்கி, காலையில் விலை ஏற்றி விற்பது அங்கேதான் நடக்கிறது. இதற்குப் பெயர் 'பிளாக்'. போலீஸ் ஸ்டேஷன் டைரிகளில் இந்தக் கேஸ்கள் ஏராளம்.

2023 மே மாதம் தஞ்சாவூரில், டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரில், கடை திறக்கும் நேரத்துக்கு முன்பே வாங்கிக் குடித்த 2 பேர் செத்துப்போனார்கள். பரிசோதனையில் சயனைடு தெரிந்தது. சயனைடு எப்படி வந்தது என்பது போலீஸ் விஷயம். திறக்காத நேரத்தில் பாரில் சரக்கு எப்படி வந்தது என்பது கலால் துறை விஷயம். இரண்டாவது கேள்விக்கு பதில் ஊருக்கே தெரியும்.

மற்ற ஊர்களில் எப்படி?

கல்கத்தாவில் எஸ்பிளனேடு பக்கம் ஒரு சந்தில் 'சோட்டா பிரிஸ்டல்' என்று ஒரு பார். 1872-ல் தொடங்கியது. பெரிய ஹால், வரிசையாக மேஜை. தனி மேஜை கேட்டால் கிடையாது. வக்கீல் குமாஸ்தா பக்கத்தில் டாக்சி டிரைவர் உட்காருவார். ஆர்டர் கொடுக்கும்போதே காசு. பேரர் நோட்டுகளை விரல் இடுக்கில் மடித்துச் சொருகிக்கொண்டு நடப்பார். சரக்கை அளந்துதான் கொடுப்பார்கள். அதிலும் குறை உண்டு. அண்மைக் காலம் வரை பெண்களுக்கு இடம் கொடுக்காத பார் அது. ஆனாலும் நூற்றைம்பது வருஷமாகச் சாமானியன் மரியாதையாக உட்கார்ந்து எழுந்துபோகிற இடம்.

மும்பையில் 'குவார்ட்டர் பார்' என்றே ஒரு ரகம். முழு குவார்ட்டர் பாட்டிலை மேஜைக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். கடை விலைக்கு மேல் கொஞ்சம் கூட. தொட்டுக்கொள்ள வேகவைத்த கடலை, வறுத்த பொரி மாதிரி ஏதாவது ஒரு கிண்ணம் இலவசம். விற்பவரும் இடம் கொடுப்பவரும் ஒரே ஆள். தப்பு நடந்தால் லைசென்ஸ் போகும் என்ற பயம் அவருக்கு உண்டு.

கேரளத்தில் கள்ளுக் கடைக்கே தனி கௌரவம். கப்பக் கிழங்கு, மீன் குழம்பு, கரிமீன் வறுவல் சாப்பிடவே ஜனங்கள் குடும்பத்தோடு போகிற கடைகள் எர்ணாகுளம், ஆலப்புழை பக்கம் இருக்கின்றன. பக்கத்துப் புதுச்சேரியில் பார், ரெஸ்டாரண்ட், சாராயக் கடை, கள்ளுக் கடை எல்லாவற்றுக்கும் தனித்தனி லைசென்ஸ். சனிக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகிற மோட்டார் சைக்கிள்களை எண்ணிப் பாருங்கள். விலை மட்டும் காரணமில்லை. அங்கே போனால் மனுஷனாக உட்கார்ந்து குடிக்கலாம் என்பதும் ஒரு காரணம்.

நல்ல பாரைக் கண்டுபிடிப்பது எப்படி?

சென்னையிலும் நல்ல இடங்கள் உண்டு. காண்டிராக்டர் ஊர்க்காரராக இருந்து, நாலு பேர் தன்னை மதிக்க வேண்டும் என்று நினைத்தால் அந்த பார் தனியாகத் தெரியும். அடையாளங்கள் இதோ:

முதலில் கக்கூசைப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால் சமையல் கட்டும் சுத்தமாக இருக்கும்.

இரண்டாவது, விலைப் பட்டியல். ஆம்லெட் எவ்வளவு, சுண்டல் எவ்வளவு என்று சுவரில் எழுதி வைத்திருக்கிற பாரில் ஏமாற்று குறைவு. "சாப்பிடுங்க தலைவா, அப்புறம் பாத்துக்கலாம்" என்கிற இடத்தில் அப்புறம்தான் வம்பு.

மூன்றாவது, தினசரி வருகிற வயசான ஆட்கள். ஆறு மணிக்கு வந்து ஏழு மணிக்கு எழுந்து போகிற ரிட்டயர் ஆன ஆசாமி நாலு பேர் இருந்தால் அந்த பாரில் அடிதடி நடப்பதில்லை என்று அர்த்தம்.

நான்காவது, தட்டு. நல்ல பாரில் அந்தப் பேட்டையின் சாப்பாடு இருக்கும். காசிமேடு, ராயபுரம் பக்கம் நெத்திலியும் சங்கரா வறுவலும். புளியந்தோப்பு, பெரியமேடு பக்கம் மாட்டுக்கறி வறுவல், போட்டி. பாரிமுனை பக்கம் வெளியே வந்தால் பர்மா அத்தோ. திருவல்லிக்கேணி மேன்சன் பையன்களுக்கு அவித்த முட்டையும் மாங்காய்க் கீற்றும். எங்கே போனாலும் ஒரே சிவப்புச் சாயம் பூசிய சிக்கன் மட்டும் இருந்தால் அங்கே எண்ணெய் பழசு.

ஐந்தாவது, பாட்டிலை நீங்களே ஜன்னலில் வாங்குங்கள். மூடியில் ஹாலோகிராம் முத்திரை, லேபிளில் அச்சிட்ட விலை இரண்டையும் பாருங்கள். உடைத்த பாட்டில், ஊற்றி வைத்த சரக்கு, பாக்கெட் இவற்றைத் தொடவே தொடாதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் 60-க்கு மேற்பட்டோரைக் கொன்றது. குவார்ட்டர் வாங்கக் கையில் காசு போதாதவர்கள்தான் அதை வாங்கினார்கள்.

ஆறாவது, வீட்டுக்கு நடந்து போகிற தூரம். குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவைக்கே 10 ஆயிரம் ரூபாய் அபராதம், 6 மாதம் வரை ஜெயில். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராம் ஆல்கஹால் தாண்டினாலே கேஸ். குவார்ட்டரில் 10 ரூபாய் மிச்சம் பிடித்து அபராதத்தில் 10 ஆயிரம் விடுவது நல்ல கணக்கா?

"மூடிவிட்டால் தீர்ந்ததே!"

இப்படியெல்லாம் எழுதினால் வீட்டுப் பெண்கள் கோபப்படுவார்கள். கோபத்தில் நியாயம் இருக்கிறது. சம்பளக் கவர் வீட்டுக்கு வராமல் போவது அவர்களுக்குத்தான் தெரியும். 2015 ஜூலை 31-ந் தேதி குமரி மாவட்டத்தில் ஒரு மதுக்கடையை மூடச் சொல்லிப் போராடியபோது காந்தியவாதி சசிபெருமாள் உயிரையே விட்டார். அந்தக் குரலைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

கடைகளைக் குறைக்கவும் செய்தார்கள். 2016-ல் 500, 2017-ல் 500, 2023 ஜூன் 22-ந் தேதி 500. அதன் பிறகு மிஞ்சியவை 4,829. நெடுஞ்சாலை ஓரக் கடைகளை சுப்ரீம் கோர்ட் உத்தரவால் 2017-ல் மூட வேண்டி வந்தது.

கடை குறைந்தால் இருக்கிற கடையில் கூட்டம் ஏறுகிறது. பார் இல்லாத கடை என்றால் குடிப்பவன் பாட்டிலோடு எங்கே போவான்? மூடிய கடை வாசல் படிக்கட்டு, மேம்பாலத்து அடி, கார்ப்பரேஷன் விளையாட்டு மைதானம், கடற்கரை மணல். காலையில் ஷட்டர் தூக்குகிற கடைக்காரருக்கு முதல் வேலை கண்ணாடிச் சில்லைக் கூட்டுவது. ராத்திரி டியூட்டி முடிந்து வருகிற பெண் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு தெருவில் போகிறாள். பார் மோசமானால் அதன் தொல்லை குடிக்காதவர் தலையில்தான் விடிகிறது. பாரைச் சரியாக்கச் சொல்வது குடிகாரனுக்கு வக்காலத்து வாங்க அல்ல.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். விற்பதும் உட்கார வைப்பதும் ஒரே லைசென்ஸில், ஒரே ஆள் பொறுப்பில் வரட்டும். அது அரசாங்கமோ தனியாரோ, புகார் என்றால் ஒரே ஆளைப் பிடிக்க முடிய வேண்டும்.

சாதாரண பாரிலும் 60 மில்லி அளந்து விற்கட்டும். ஓட்டலில் பணக்காரன் 60 மில்லி குடித்துவிட்டுப் போகலாம், ஏழை மட்டும் 180 மில்லி குடித்தே ஆக வேண்டும் என்றால் அது எந்த ஊர் மதுவிலக்குக் கொள்கை?

கண்ணாடி கிளாஸ், குடிதண்ணீர், கக்கூஸ், சுவரில் விலைப் பட்டியல் இந்த நாலும் இல்லாத பாருக்கு டெண்டரைப் புதுப்பிக்கக்கூடாது. கலால் அதிகாரி எந்தத் தேதியில் வந்து பார்த்தார் என்பதை ஓட்டல்களில் மாட்டுகிற சர்டிபிகேட் மாதிரி வாசலிலேயே எழுதி மாட்டட்டும். டெண்டரில் யார் அதிகத் தொகை சொன்னார் என்று மட்டும் பார்த்தால், அந்தத் தொகை மறுநாளே ஊறுகாய் விலையில் ஏறி உட்காரும்.

அதுவரை குடிப்பவர்களுக்கு நாம் சொல்வது இவ்வளவுதான். ஜன்னலில் லேபிள் விலையைக் கேட்டு வாங்குங்கள். பாரில் கிளாஸ் கேளுங்கள். கொடுக்காத பாருக்கு மறுநாள் போகாதீர்கள். இரண்டாவது குவார்ட்டருக்குப் பக்கத்தில் இருப்பவர் கூப்பிட்டால், "போதும் அண்ணே, வீட்ல தேடுவாங்க" என்று சொல்லி எழுந்துவிடுங்கள். கடைசி ரெயிலுக்கு இன்னும் நேரம் இருக்கும்போதே!